ஒரு வாய்த் தண்ணீர்

அத்தியாயம் 14

விரதத்தின் இருபத்திரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை.

வனஜா கண் விழித்தபோது ஆவடி குவார்ட்டர்ஸ் முழுவதும் தைப் பனிக்குள் மிதந்துகொண்டிருந்தது. எதிர் பிளாக்கின் மாடி விளக்கு எதிலும் மாட்டாமல் வெறும் காற்றில் தொங்குவது போலத் தெரிந்தது. எங்கோ ஒரு பால்காரரின் மணி பஞ்சுக்குள்ளிருந்து அடிப்பது போல் ஒலித்தது.

படுத்தபடியே வாயைத் திறந்து, "சாமி" என்று சொல்லிப் பார்த்தாள்.

உதடு சொன்னது. சத்தம் வரவில்லை. சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவது போல ஒரு 'ஸ்ஸ்' மட்டும் வந்தது.

பத்து நாளாக இப்படித்தான்.

இருபத்தைந்து நாளுக்கு முன்பு இந்த வீட்டில் விழுந்த அந்த ஒரு வார்த்தையை நாம் மறந்திருக்க மாட்டோம். மாலை ஆறு மணி. வனஜா சாமி அலமாரி முன்னால் விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தாள். அதே ஹாலின் மறுமூலையில் மருமகள் நிஷா கணினியைத் திறந்து வைத்து, வெளிநாட்டு அலுவலகத்துடன் உரத்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். மகன் கௌதம் கம்பெனி வேலையாகப் புனேயில் ஆறு மாதம். நடுவில் நின்று இருவரையும் சிரிக்க வைக்க ஆள் இல்லை.

"விளக்கு வைக்கிற நேரத்துல உன் சத்தமே இந்த வீட்ல கேக்கக் கூடாது!"

அவ்வளவுதான் சொன்னாள். கணினியின் அந்தப் பக்கம் பத்துப் பேர் இருந்தார்கள். நிஷா கணினியை மூடி வைத்தாள். மறுநாள் காலை ஒரு பையோடு அயனம்பாக்கத்தில் தோழி சபீனாவின் பிளாட்டுக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான் வனஜா நாற்பத்தெட்டு நாள் விரதம் எடுத்தாள். மாலையில் விளக்கேற்றும் முன் ஒரு வேளைச் சாப்பாடு. விளக்கேற்றியது முதல், மறுநாள் காலை திருமுல்லைவாயில் கோயிலைச் சுற்றிவிட்டு வீடு திரும்பும் வரை, பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. கணவர் உத்தமனிடம், கௌதம் மாற்றலாகி வரத்தான் விரதம் என்று சொல்லியிருந்தாள். உண்மையில் அது நிஷா திரும்பி வருவதற்காக.

பன்னிரண்டாம் நாள் அவள் குரல் கரகரத்தது. மறுநாள் போயே போய்விட்டது.

உத்தமன் பனி என்றார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சளி என்றார்கள். வனஜாவுக்கு மட்டும் காரணம் தெளிவாகத் தெரிந்தது. எந்த நாக்கு அந்தப் பெண்ணின் சத்தம் கேட்கக் கூடாது என்றதோ, அந்த நாக்கின் சத்தத்தைச் சாமி எடுத்துக்கொண்டுவிட்டார். சாமி கொடுத்த தண்டனைக்கு டாக்டரிடம் போவார்களா யாராவது?

நான்கு நாளாக நெஞ்சிலும் வலி. அதை அவள் கணவரிடம்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

எழுந்து உட்கார்ந்து இன்ஹேலரைக் குலுக்கி, இரண்டு முறை இழுத்தாள். மூச்சுத் திணறலுக்காக இரண்டு மாதமாகக் காலையும் மாலையும் எடுக்கும் மருந்து. தொண்டையில் மாவு படிந்தது போல் ஒரு தித்திப்பு உட்கார்ந்தது. கட்டிலருகே ஸ்டூலில் ஒரு டம்ளர் தண்ணீர், மேலே தட்டு மூடி. உத்தமன் தினமும் வைப்பது. விரதம் என்று தெரிந்தும் வைப்பார். அவளும் தினமும் அதை எடுத்துப் போய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள்.

செடி நன்றாகத் தழைத்திருந்தது.

"வனஜா," என்றார் உத்தமன், தொழிற்சாலைச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே. "இன்னைக்குச் சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம். நாலரைக்கு வந்துடறேன்."

அவள் இரண்டு கை விரல்களையும் விரித்து விரித்துக் காட்டினாள். இன்னும் இருபத்தாறு நாள்.

"சாமிக்கு ஒருநாள் லீவு லெட்டர் குடுத்துக்கலாம். நான் எழுதித் தரேன்."

அவள் முறைத்தாள்.

"இருபத்தெட்டு வருஷமா, நான் ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்காதான்னு ஏங்கினேன்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "இப்ப இடம் நெறைய இருக்கு. பேசத்தான் ஒண்ணும் தோண மாட்டேங்குது."

சொல்லிவிட்டு மப்ளரை எடுத்து அவள் கழுத்தில் சுற்றிவிட்டார். மூச்சின் விசில் சத்தம் கேட்டிருக்க வேண்டும். மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு தொழிற்சாலைச் சங்கு ஊத, போய்விட்டார்.

---

கோயில் மதிலுக்கு வெளியே பூக்கடை போட்டிருக்கும் சரசா, ஷேர் ஆட்டோவிலிருந்து வனஜா இறங்கும்போதே எழுந்து நின்றாள்.

"இன்னாம்மா, இன்னும் தொண்ட தொறக்கலியா? மூஞ்சி இன்னா இப்டி வெளுத்துகீது?"

வனஜா சிரித்து, கையால் 'ஒன்றுமில்லை' என்றாள்.

"ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கே ஒனக்குக் கையி வேண்டிக்கீது. ஏமாத்துறியா? வா, நானும் வரேன்."

முதல் பன்னிரண்டு நாளும் வனஜாவே அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் சொன்னாள். குரல் போன அன்று தட்டோடு சன்னதியில் நின்று, உதடு மட்டும் அசைய, கண்ணில் நீர் கட்டிக்கொண்டு விழித்தாள். பூக்கூடையோடு பின்னால் வந்த சரசா அதைப் பார்த்தாள். மூன்று முறை உதட்டை உற்றுப் பார்த்துப் பெயரைப் பிடித்தாள். அன்றிலிருந்து தினமும் கடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்து, குருக்களிடம் உரக்கச் சொல்வாள்: "நிஷா. உத்திரட்டாதி நட்சத்திரம்."

நிஷா யார் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் செய்கிற உதவிக்குக் கோயிலில் தனியாக ஒரு வாசல் இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

உள்ளே பனி இன்னும் கலையவில்லை. முல்லைக்கொடி மறைத்திருந்த லிங்கத்தின் மேல் தெரியாமல் வாள் பட்டுவிட்டதாம், அந்தக் காயம் குளிரத்தான் இந்தச் சாமிக்குச் சந்தனக் காப்பாம். அந்தச் சந்தன மணம் பனியில் கரைந்து, பிராகாரம் முழுவதும் ஈரமாக நின்றது. சாமிக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்தபடி இருக்கும் நந்தி, யாருடைய வரவுக்கோ காத்திருப்பது போல் இருந்தது. வனஜாவுக்கு நந்தியோடு ஒரு சிநேகம் ஏற்பட்டிருந்தது. அதுவும் வாசலைத்தான் பார்க்கிறது. அவளும்.

இரண்டாவது சுற்றில் இருமல் வந்தது. நிற்காத இருமல். மூன்றாவது சுற்றில், இடது மார்புக்குக் கீழே யாரோ விரலை வைத்து அழுத்தியது போல் சுருக்கென்றது. கூடவே நெஞ்சின் நடுவில் எரிச்சல். பிராகாரத்தின் தூண்கள் மெதுவாக நகர்ந்து தள்ளிப் போயின. கல் தரை படகு போல ஆடியது.

இதுதானா, என்று நினைத்தாள். பயம்கூட வரவில்லை. ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

நந்தியின் அருகே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, வனஜாம்மா!" சரசா ஓடி வந்தாள். பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "தண்ணி குடி."

வனஜா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். தலையை ஆட்டினாள். நெஞ்சில் கையை வைத்திருந்தாள்.

"நெஞ்சு வலிக்குதா? போனக் குடு. ஊட்டுக்காரர் பேரு இன்னா சொன்ன, உத்தமன்?"

உத்தமனின் எண் அடித்துக்கொண்டே இருந்தது. பாதுகாப்புத் தொழிற்சாலைக்குள் செல்போன் போகாது. வாசலில் இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அந்தப் பெட்டிக்குள் கிடந்து அது தனியாக அதிர்ந்துகொண்டிருந்தது.

போனில் வனஜா அழைத்திருந்த எண்களின் வரிசையைச் சரசா கீழே தள்ளினாள். தள்ள வேண்டியதே இல்லை. உத்தமனுக்கு அடுத்து ஒரே பெயர், ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒன்பது முறை.

"நிஷா," என்று படித்தாள். "அட, தெனம் நான் சொல்ற பேரு!"

வனஜா அவள் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தாள். அதற்குள் மணி போய்விட்டது.

---

அயனம்பாக்கம் ஏரி அந்த நேரத்தில் ஏரியாகவே இருக்காது. வானத்தின் ஒரு துண்டு தரையில் கிடப்பது போலிருக்கும். நான்காவது மாடி பால்கனியில் காபி டம்ளரோடு நின்றிருந்த நிஷா, போன் திரையில் 'அத்தை' என்று பார்த்ததும் திடுக்கிட்டாள்.

இது அவர்கள் அழைக்கிற நேரம் இல்லை.

ஒன்பது நாளாக, மாலை ஆறேகாலுக்கு அழைப்பு வரும். எடுத்து "அத்தை?" என்பாள். பதில் இருக்காது. மூச்சு மட்டும் கேட்கும். மெல்லிய விசில் போன்ற மூச்சு. 'நீயே முதலில் பேசு' என்று பிடிவாதமாகக் காத்திருக்கிறார்கள் என்று நிஷாவுக்கு முதல் நாள் கோபம் வந்தது. இவளும் பேசவில்லை. ஆனால் துண்டிக்கவும் மனம் வரவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு வேலை பார்ப்பாள். ஐந்து நிமிஷம், சில நாள் பத்து நிமிஷம், இரண்டு வீடுகளுக்கும் நடுவே அந்த மூச்சு ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அடங்கும்.

"இன்னும் உன் மாமியார் லைன்ல இருக்காங்களா?" என்று சபீனா கேட்பாள். "நல்ல சண்டைடி இது. பாக்கவே அழகா இருக்கு."

குரல் போன பிறகுதான் வனஜாவுக்கு அழைக்கத் தைரியம் வந்தது என்பது நிஷாவுக்கு எப்படித் தெரியும்? பேச முடியாதவள் தப்பாக எதுவும் சொல்லிவிட முடியாது அல்லவா.

நிஷா போனைக் காதில் வைத்தாள்.

"யம்மா, நீதான் நிஷாவா? உத்திரட்டாதியா?"

"ஆமா... நீங்க யாரு?"

"நான் கோயிலாண்ட பூ விக்கிறவ. உன் மாமியாரு இங்க நெஞ்சப் புடிச்சுகினு குந்திகீது. வாயத் தொறந்து சொல்லவும் முடியல. அதுக்குத்தான் பத்து நாளா பேச்சே இல்லியே!"

"பேச்சு இல்லியா?"

"குரலு போயிடுச்சும்மா. ஒனக்குத் தெரியாதா? தெனம் உன் பேருக்குத்தான் அர்ச்சன. நான்தான் சொல்றேன் அது வாயாட்டம்."

காபி டம்ளரை எங்கே வைத்தோம் என்று நிஷாவுக்குப் பிறகு நினைவில்லை. ஏரி மட்டும் கண்ணில் ஒருமுறை தளும்பியது.

"அவங்களைச் சாய்ஞ்ச மாதிரி உட்கார வைங்க. படுக்க வைக்காதீங்க. ஒரு ஆட்டோ பிடிச்சு அம்பத்தூர் ரோட்டுல இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுக் கிளம்புங்க அக்கா, நான் நேரா அங்க வந்துடறேன்."

"கடய உட்டுட்டா?" என்றாள் சரசா. உடனே, "சரி சரி, வரேன். பூவு எங்க போயிடப் போவுது," என்றாள்.

---

மருத்துவமனை சின்னது. மஞ்சள் சுவர். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்ப மரம். சரசா ஒப்படைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பியிருந்தாள். மார்பில் ஒட்டிய வயர்களோடு படுத்திருந்த வனஜா, கதவைத் திறந்து நிஷா வந்ததைப் பார்த்தாள். கனவு என்றே நினைத்தாள். விரதம் முடிய இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறதே.

எழப் பார்த்தாள். வாய் திறந்தது. 'ஸ்ஸ்' என்றது.

நிஷாவுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒன்பது மாலைகள் அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

"பேசாதீங்க அத்தை," என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் தேவிப்பிரியா ஈசிஜி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவசரமில்லாத கண்கள்.

"நெஞ்சு வலின்னு வந்தா, என்ன காரணமா இருந்தாலும் முதல்ல இதயத்தைப் பாத்துடுவோம். இது நல்லா இருக்கு. ரத்தமும் எடுத்திருக்கோம். அந்த ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்கேயே இருங்க." ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டார். "வீசிங் இருக்கு. கொஞ்ச நேரம் புகை மருந்து வைக்கலாம். ஆஸ்துமாவே நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். அம்மா, தலையாட்டி மட்டும் பதில் சொல்லுங்க. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது, அது தொண்டையை இன்னும் கெடுக்கும். இருமல் ரொம்ப இருக்கா?"

ஆமாம்.

டாக்டர் விரலால் விலாவை மெல்ல அழுத்தினார். வனஜா முகம் சுளித்தாள்.

"இங்கதானே வலி? விரல் வச்சாலே வலிக்குது. இருமி இருமி விலாத் தசை புண்ணாயிருக்கு. நடு நெஞ்சில எரிச்சல்?"

ஆமாம்.

"எப்ப அதிகம்? வெறும் வயித்துல காபி குடிச்சதும்?"

வனஜா வியப்போடு தலையாட்டினாள். கோயிலிலிருந்து திரும்பியதும் அவள் முதலில் தொடுவது கள்ளிச்சொட்டுப் போலக் கெட்டியாக ஒரு டம்ளர் காபி.

"வயித்து அமிலம் மேல ஏறி வருது. அது நெஞ்சை எரிக்கும், இருமலைக் கிளப்பும், குரலையும் கெடுக்கும். வாயைத் திறங்க." டார்ச் வெளிச்சம் தொண்டையில் விழுந்தது. டாக்டர் சற்று நேரம் பார்த்தார். "ம்... உள்ள வெள்ளை வெள்ளையாப் படிஞ்சிருக்கு. இன்ஹேலர் எடுக்கறீங்கல்ல? எடுத்ததும் வாய் கொப்பளிக்கறீங்களா?"

வனஜா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கொப்பளிக்கச் சொல்லிருப்பாங்களே?"

"முதல்லெல்லாம் செய்வாங்க டாக்டர்," என்றாள் நிஷா. "நானே பாத்திருக்கேன். ஏன் அத்தை நிறுத்தினீங்க?"

நிஷா தன் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஈசிஜி உறையோடு சேர்த்து நீட்டினாள். வனஜா உறையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுதினாள்.

'விரதம். பச்சைத் தண்ணி பல்லுல படக் கூடாது.'

டாக்டர் படித்துவிட்டு மெல்லச் சிரித்தார். கேலியாக இல்லை. "அதான். ரெண்டு வேளை மருந்தும் விரத நேரத்துலயே விழுந்திருக்கு. நுரையீரலுக்குப் போக வேண்டிய மருந்துல கொஞ்சம் தொண்டையிலயே தங்கிடும். கொப்பளிச்சுத் துப்பிட்டா போச்சு. துப்பாம விட்டா அங்க காளான் மாதிரிப் படரும், குரல் கட்டிக்கும். கூடவே தொண்டை ஈரமே இல்லாம காய்ஞ்சு கிடந்திருக்கு."

வனஜா உறையை மறுபடி இழுத்தாள். எழுதினாள். இந்த முறை டாக்டரிடம் கொடுக்கவில்லை. நிஷாவிடம் கொடுத்தாள்.

'இல்லை. உன்னைச் சொன்ன வார்த்தைக்கு சாமி என் குரலை எடுத்துக்கிச்சு.'

நிஷா படித்தாள். மறுபடி படித்தாள். உறையிலிருந்து பார்வையை எடுக்காமல் டாக்டரிடம் நீட்டினாள்.

"அம்மா," என்றார் டாக்டர், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து. "சாமி எடுத்திருந்தா டார்ச்சு அடிச்சு நான் பாக்க முடியாது. இது மருந்து பண்ணின வேலை. சொட்டு மருந்து தரேன், சரியாகும். ஆனா பயந்து இன்ஹேலரை நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. இந்தப் பிளாஸ்டிக் குடுவையை மாட்டிக்கிட்டு அது வழியா இழுங்க, மருந்து தொண்டையில அவ்வளவா ஒட்டாது. ஒவ்வொரு தடவையும் கொப்பளிச்சுத் துப்புங்க. ஏழு நாள் முழு மௌனம். அதுக்கப்புறமும் குரல் வரலைன்னா, காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும்." நிஷா பக்கம் திரும்பினார். "மூச்சு வாங்கி ஒரு வார்த்தை முழுசா வராம தவிச்சாலோ, உதடு நீலம் பாய்ஞ்சாலோ, நெஞ்சு வலி கை, தாடைன்னு பரவினாலோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரி."

நிஷா எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டாள். டாக்டர் போன பிறகு, வேப்ப மரத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னைக்கு மைக் ஆஃப்லதான் இருந்துச்சு அத்தை. அவங்க யாருக்கும் எதுவும் கேக்கல."

உண்மையா, பொய்யா? வனஜா கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. புகை மருந்தின் முகமூடிக்குள் வெண்மையாக மூட்டம் எழுந்தது. அதற்குள்ளிருந்து அவள் மருமகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பனிக்குள் விளக்கு தெரிவது போல் அது தெரிந்தது.

மதியம் ரத்தப் பரிசோதனையும் நல்லபடியாக வந்தது.

---

திரும்பும் வழியில் கோயிலில் இறங்கினார்கள். வனஜாவின் செருப்பைச் சரசா பத்திரமாகத் தன் பூக்கூடைக்கு அடியில் வைத்திருந்தாள். விஷயத்தை நிஷா சொல்லக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, தெரியாமத்தான் கேக்கிறேன். உள்ள இருக்காரே, அவரே வெட்டுப்பட்ட தலைக்குச் சந்தனம் அப்பிகினுதான் குந்திகினுகீறாரு. அவரு மருந்து போட்டுக்கலாம், நீ ஒரு வாய் தண்ணி ஊத்திக் கொப்புளிச்சா மட்டும் கோச்சுக்குவாரா? துப்பத்தான போற, முழுங்கவா போற?"

நடை சாத்தியிருந்த நேரம்; வனஜா நின்ற இடத்திலிருந்தே சாமியை மனதில் பார்த்தாள். இருபத்திரண்டு நாளாகப் பார்த்த சாமிதான். அவருக்கும் ஒரு காயம் உண்டு என்பதை இன்றுதான் பார்த்தாள். கேட்டதற்கு மேலே நாமாகச் சேர்த்துக்கொள்கிற கடுமையை எந்தச் சாமி கேட்டார்?

சரசாவின் தலையில் கையை வைத்தாள். சரசா கூச்சத்தோடு நெளிந்தாள்.

"அய்ய, இன்னாம்மா இது. போ, போய் ரெஸ்ட் எடு."

நாலரைக்குத் தொழிற்சாலை வாசலில் பெட்டியைத் திறந்த உத்தமன், பதினொரு தவறிய அழைப்புகளைப் பார்த்தார். அதன் கீழே மருமகளின் செய்தி: 'அத்தை நல்லா இருக்காங்க மாமா. நாலு நாளா நெஞ்சு வலியாம், டாக்டர் பாத்துட்டாங்க, கொஞ்ச நாள் பேசக் கூடாதாம். என்கூடத்தான் இருக்காங்க. மெதுவா வாங்க.' மெதுவாக வரவில்லை. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட மறந்து மாடிப்படி ஏறினார். கதவு திறந்திருந்தது. அடுப்படியில் நிஷா ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். வனஜா கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்திருந்தாள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நெஞ்சு வலிச்சிருக்கு. நாலு நாளா என்கிட்ட சொல்லல."

வனஜா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"குரல் இல்லன்னா என்ன? ரெண்டு தட்டுத் தட்டினா நான் திரும்ப மாட்டேனா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார். "நிஷாம்மா, டாக்டர் எத்தனை நாள் பேசக் கூடாதுன்னாங்க?"

"ஏழு நாள் மாமா."

"கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கலாமே," என்றார். மூவருமே சிரித்தார்கள். வனஜாவின் சிரிப்புக்கும் சத்தமில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

ஆறு மணி ஆயிற்று. ஜன்னலில் மறுபடி பனி இறங்கத் தொடங்கியது. நிஷா கணினியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

"ஒரு சின்ன மீட்டிங் அத்தை. நான் மாடிப்படியில உட்கார்ந்து பேசிட்டு வந்துடறேன். நீங்க விளக்கேத்துங்க."

வனஜா விளக்கை ஏற்றினாள். திரியின் நுனியில் சுடர் நின்றது. பிறகு வாசலுக்குப் போய், மருமகளின் கையிலிருந்து கணினியை வாங்கினாள். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன் மேல் வைத்தாள். நாற்காலியை நகர்த்தினாள். வயரை எடுத்து ப்ளக்கில் சொருகினாள். நிஷாவின் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். பேசு, என்று கையால் காட்டினாள்.

நிஷா சுடரைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

அந்தச் சத்தம் ஹாலில் பரவியது. சாமி படங்களின் மேலும், காலண்டரின் மேலும், கறிவேப்பிலைச் செடி வரைக்கும் பரவியது. சுடர் அணையவில்லை. அசையக்கூட இல்லை. ஒரு வீட்டுக்குள் வெளிச்சமும் மனுஷக் குரலும் சேர்ந்து இருக்க இடம் உண்டு என்பது எவ்வளவு சாதாரண விஷயம்! அது தெரிய வனஜாவுக்கு இருபத்தைந்து நாள் ஆயிற்று.

உத்தமன் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வனஜா குடுவையை மாட்டி மருந்தை இழுத்தாள். வாஷ்பேசின் முன் நின்று, ஒரு கணம் கண்ணை மூடினாள். விளக்கு வைத்த பிறகு, இருபத்திரண்டு நாளில் முதல் முறையாக, பச்சைத் தண்ணீரை வாயில் ஊற்றிக்கொண்டாள். குளிர்ந்தது. காயத்தில் சந்தனம் பட்டது போல் குளிர்ந்தது.

ஹாலிலிருந்து நிஷாவின் குரல் தெளிவாக வந்துகொண்டிருந்தது. ஆங்கிலம்தான். வனஜாவுக்கு முழுதாகப் புரியாது. ஆனால் சில சொற்கள் எந்த மொழியிலும் புரிந்துவிடும்.

"பெங்களூர்" என்றாள் நிஷா. "பெர்மனென்ட்" என்றாள். கொஞ்சம் தயங்கி, "எஸ், பிப்ரவரி ஃபர்ஸ்ட். ஐ வில் பி தேர்," என்றாள்.

வனஜாவின் பார்வை சுவரில் மாட்டிய காலண்டருக்குப் போயிற்று. ஒன்றாம் தேதிக்கு ஒன்பது நாள். டாக்டர் விதித்த மௌனம் ஏழு நாள்.

வாயில் நிறைந்திருந்த தண்ணீரை விழுங்கவும் முடியாமல், துப்பவும் தோன்றாமல், அவள் அப்படியே நின்றாள்.